உப்பு மிங்க்ஸின் ஆளிவிதைப் பை

எங்கள் எண்ணெய் ஓடைக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது யாராவது ஒருவருடைய எண்ணெய்க் கிணற்றில்தான் போய் விழும். எண்ணெய் இல்லாத கிணற்றில் விழுந்தால், அது ஜெத்ரோ மிங்க்ஸின் கிணறு என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தெற்கே உள்நாட்டுப் போரில் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் இருந்த எங்களுக்கு அதைப் பற்றிப் பேசக்கூட நேரமில்லை. ஊர் உலகமெல்லாம் விளக்கெரிக்க எண்ணெய் கேட்டது, நாங்கள் தோண்டினோம். பல் பிடுங்குகிறவர் தோண்டினார். சவப்பெட்டி செய்கிறவர் தோண்டினார். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வீட்டுக்குத் துரத்திவிட்டு, பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டியே தோண்டினார். ஓடை திரும்பும் எங்கள் வளைவில் மட்டும் பதினோரு கிணறுகள். பதினொன்றிலும் எண்ணெய். ஜெத்ரோவின் வேலியை ஒட்டி இருந்த சபை மூப்பர் ப்ரூவிட்டின் கிணற்றிலோ, இறைக்கவே தேவையில்லாமல் எண்ணெய் தானாகப் பொங்கி வந்தது. ஆண்டவருக்கு மூப்பர்மேல் அவ்வளவு பிரியம் என்று மூப்பரே சொல்லிக்கொள்வார்.

பன்னிரண்டாவது கிணறு ஜெத்ரோவுடையது. அதில் வந்தது உப்புத்தண்ணீர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெத்ரோவின் அப்பன் முப்பது வருடத்துக்கு முன்னால் தெற்கே ஆற்றங்கரையில் உப்புக்குத் தோண்டியவன். அந்தக் காலத்தில் எண்ணெய் தோண்டுவது என்று ஒரு தொழிலே கிடையாது. உப்புத்தண்ணீருக்காக ஆழமாகத் துளை போடுவார்கள், அதைக் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். அப்பன் துளையில் நாற்றமடிக்கும் கருப்பு எண்ணெய் வந்து உப்பைக் கெடுத்தது. "சனியனே, சனியனே" என்று திட்டிக்கொண்டே அத்தனையையும் வாளி வாளியாக ஆற்றில் கொட்டினான். பிற்பாடு அதே உளியை, அதே கழியை, அதே வித்தையைத்தான் எல்லோரும் எண்ணெய்க்குத் திருப்பிக்கொண்டார்கள். மகனும் திருப்பிக்கொண்டான். அப்பன் கேட்ட உப்பைப் பூமி மகனுக்குக் கொடுத்தது. மிங்க்ஸ் வம்சத்தின் மனு எப்போதும் ஒரு தலைமுறை தாமதமாகத்தான் போய்ச் சேரும் போலிருக்கிறது.

இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் டாக்டர் டிபெட். எதற்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. பீச் மரத்துக் கவட்டைக் குச்சியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடப்பார். கீழே எண்ணெய் இருந்தால் குச்சி வளையும், எண்ணெய் நிறைய இருந்தால் டாக்டரே வளைவார். ஜெத்ரோவின் குத்தகை நிலத்தில் அவர் தரையில் விழுந்து, கால் கைகளை உதறி, வாயில் நுரை தள்ளினார். அவ்வளவு நுரைக்கு ஒரு ஏரியே அடியில் இருக்கவேண்டும் என்று ஜெத்ரோ நம்பிவிட்டான். கூலியாக ஒரு கொழுத்த பன்றியைக் கொடுத்தான். பன்றியை ஓட்டிக்கொண்டு போகும்போது டாக்டருக்கு எந்த வலிப்பும் வரவில்லை, நல்ல வேகமாகவே நடந்தார்.

மூப்பரிடம் நீராவி எஞ்சின் இருந்தது. ஜெத்ரோவிடம் இரண்டு கால்கள் இருந்தன. நீளமான பச்சை மரக்கழி ஒன்றின் அடிப்பக்கத்தைத் தரையில் அழுத்திக் கட்டி, நடுவில் முட்டுக்கொடுத்து, நுனி துளைக்கு மேலே தொங்கும்படி வைப்பார்கள். நுனியிலிருந்து கயிறு, கயிற்றில் கனமான இரும்பு உளி. கயிற்றோடு சேர்ந்து தொங்கும் வளையத்தில் காலை விட்டு ஓங்கி உதைத்தால் உளி போய்ப் பாறையில் இடிக்கும். கழி தன் பாட்டுக்கு நிமிர்ந்து உளியை மேலே தூக்கும். மறுபடி உதைக்கவேண்டும். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ஜெத்ரோ உதைத்தான். நல்ல நாளில் மூன்றடி இறங்கும், கெட்ட நாளில் ஒரு சாண். நானூற்று முப்பது அடி இறங்கினபோது அவனுடைய வலதுகால் இடதுகாலைவிட ஒரு சுற்று பெருத்திருந்தது.

அவனுடைய மனைவி லவீனா அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, பூமியைத்தான் உதைக்கறீங்களா, இல்ல எங்கண்ணனை நெனச்சு உதைக்கறீங்களா?"

அவள் கேட்டதில் அர்த்தம் இருந்தது. வடக்கே ஏரிப்பக்கம் லவீனாவின் அப்பா விட்டுப்போன ஆப்பிள் தோட்டமும் வீடும் அவள் அண்ணன் ஆரின் கையில் இருந்தன. கல்யாணம் ஆனதிலிருந்து ஜெத்ரோவும் அவளும் அந்த வீட்டின் பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். எண்ணெய் மோகம் பிடித்துப் புறப்படுகிற அன்று ஜெத்ரோ முற்றத்தில் நின்று, கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "திரும்பி வந்தா குதிரைவண்டியில வருவேன். நடந்து வரமாட்டேன்."

ஆரின் நல்ல மனிதன். ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவன். "நடந்தே வா மாப்ள, கதவு தெறந்துதான் இருக்கும்" என்றான். "என்ன, நாங்க கொஞ்சம் சிரிப்போம். அவ்வளவுதான்."

அந்தச் சிரிப்புதான் ஜெத்ரோவின் காதுக்குள் ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. பசியை அவன் தாங்குவான், குளிரைத் தாங்குவான். மற்றவர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் அவனால் தாங்க முடியாது. அவனைப் போன்றவனை எங்கள் ஓடைக்கரையில் கொண்டுவந்து விட்டதுதான் விதி செய்த பெரிய குறும்பு. ஏனென்றால் இங்கே எண்ணெய் கிடைத்தவனுக்கு மறு வேலை கிடைக்காதவனைக் கேலி செய்வதுதான்.

அவனை "ஏய் உப்பு!" என்றுதான் கூப்பிடுவார்கள். பன்றிக்கறி ஊறப்போடும் காலத்தில் மூப்பர் வீட்டு வேலைக்காரி வாளியோடு வந்து நிற்பாள். "மூப்பர் ரெண்டு வாளி வாங்கிட்டு வரச் சொன்னாருங்க. கடை உப்பைவிட உங்க தண்ணிதான் ருசியாமே." ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வெளியே வந்தால் மூப்பர் எல்லோர் எதிரிலும் அவன் தோளைத் தட்டுவார். "மனசு விடாத ஜெத்ரோ. உன் கிணத்துல எண்ணெய் வராட்டியும் ஒருநாள் மீன் வரும்பா."

மே மாதத்தில் ஜெத்ரோ மனசு விட்டான். துளைக்குள் இறக்கியிருந்த இரும்புக் குழாயை உருவி, வந்த விலைக்கு விற்றுவிட்டு, நடந்தே ஊர் போவது என்று முடிவு செய்தான். லவீனாவுக்கு அன்று வந்த சந்தோஷத்தில் அவள் பாட்டே பாடினாள்.

குழாயை உருவினால் கூடவே ஆளிவிதைப் பையும் வரும். இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு. துளை போடும்போது மேல்பக்கத்துப் பாறைகளில் நல்ல தண்ணீர் ஊற்றுகள் குறுக்கிடும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கினால் எண்ணெய்ப் பாறை மூழ்கிவிடும். அதனால் பழைய பூட்ஸின் தோலை வெட்டிப் பை தைத்து, அதில் ஆளிவிதையை நிரப்பி, குழாயைச் சுற்றிக் கட்டி இறக்குவார்கள். தண்ணீர் பட்டதும் விதை வழவழவென்று ஊதிப் பெருத்து, குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் சந்தை அடைத்துக்கொள்ளும். பிறகு மேல்தண்ணீர் மேலே, கீழ்ச்சரக்கு கீழே. லவீனா ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினதும் விதைக்கவேண்டும் என்று ஒரு மூட்டை ஆளிவிதை கொண்டுவந்திருந்தாள். அதில் பாதி ஏற்கெனவே ஜெத்ரோவின் பைக்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை இரவல் குதிரை ஒன்றைக் கட்டி இழுத்துக் குழாயை உருவினான். பை கிழிந்து, கூழாகிப்போன விதையோடு மேலே வந்தது. துளைக்குள் தண்ணீர் மடமடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. தன்னுடையது வெறும் பொந்து, இனி என்ன இறங்கினால் என்ன என்று அவன் குழாய்களைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை காலையில் மூப்பரின் கிணறு ஒரு முறை ஏப்பம் விட்டு, எண்ணெய்க்குப் பதில் தெளிந்த தண்ணீரைக் கக்கியது. மத்தியானத்துக்குள் பதினோரு கிணறுகளும் தண்ணீர் கக்கின. பள்ளிக்கூட வாத்தியார் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு அழுதார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது மூப்பரின் எஞ்சின்காரன். எல்லாக் கிணறும் ஒரே பாறை வெடிப்பிலிருந்துதான் எண்ணெய் எடுக்கின்றன, ஜெத்ரோவின் துளை அதே வெடிப்பில் உப்புத்தண்ணீர் தங்கும் கடைசிப் பள்ளத்துக்குள் இறங்கும் கதவு, கதவை அவன் திறந்துவிட்டான் என்று அவன் விளக்கினான். மூப்பர் தொப்பிகூட இல்லாமல் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர்.

"ஜெத்ரோ! தம்பி! கொழாயை மறுபடி எறக்குப்பா!"

ஜெத்ரோ குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் ஊருக்குப் போறேன் மூப்பரே. உப்புக்கு இங்க என்ன வேலை?"

"யாருப்பா உன்னை உப்புன்னு சொன்னது? எவன் சொன்னான், இப்பவே சொல்லு!" என்று மூப்பர் பின்னால் திரும்பி முறைத்தார். பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தயவுசெஞ்சு, மிங்க்ஸ் அய்யா…"

அந்த அய்யாவில்தான் ஜெத்ரோவின் கை நின்றது. பிறந்ததிலிருந்து யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏதோ இனிப்பை வாயில் போட்டவன் மாதிரி அதை ஒரு நிமிடம் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தான். பிறகு, "லவீனா, அந்த மிச்ச விதையை எடுத்துட்டு வா" என்றான்.

"அது நம்ம நெலத்துல போடறதுக்கு."

"போடலாம், போடலாம். மொதல்ல இவங்க கஷ்டத்தைப் பார்ப்போம்."

புதுப் பை இறங்கியது. எல்லோரும் இரவும் பகலும் தண்ணீரை இறைத்தார்கள். ஒன்பதாம் நாள் எண்ணெய் திரும்பி வந்தது. ஊருக்குப் போகிற பேச்சு அதோடு போயே போனது.

அன்று தொடங்கியது மிங்க்ஸ் அய்யாவின் ஆட்சி. எண்ணெய் எடுத்தவர்கள் எல்லாம் எங்கள் ஊரில் வெறும் பணக்காரர்கள், எண்ணெய் எடுக்காதவன் ராஜா. சபையில் முன்வரிசை இருக்கை ஜெத்ரோவுக்கு வந்தது. அவன் தெருவில் வந்தால் பதினோரு தொப்பிகள் தலையை விட்டுக் கிளம்பின. வாத்தியார் அவனுக்குக் கேட்காமலே பத்திரிகை படித்துக் காட்டினார். மூப்பரின் மனைவி சனிக்கிழமைதோறும் பூசணிக்காய் அப்பம் சுட்டுத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை அதன் ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது என்பதற்காக ஜெத்ரோ ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை டங், டங் என்று இரண்டு தட்டு தட்டினான். அவ்வளவுதான் செய்தான். அந்தச் சத்தம் ஓடைக்கரை முழுக்கக் கேட்டது. கால்மணி நேரத்தில் கருகாத அப்பம் ஒன்று, மூச்சிரைக்க, வேலியோரம் வந்து நின்றது.

"கேக்கறதுதான் கேக்கறீங்க, காசாவது கேளுங்களேன்" என்றாள் லவீனா. "வாங்கிட்டு ஊருக்காவது போவோம்."

"காசு கேட்டா அது மெரட்டல்டி. நான் என்ன திருடனா? மரியாதை கேக்கறது என் உரிமை."

"இந்த மரியாதையை எத்தனை நாளைக்குத் திம்பீங்க?"

"உனக்குப் புரியாது. உங்கண்ணனுக்குப் புரியும்."

அண்ணனுக்குப் புரிவதற்காக அவன் கடிதமும் எழுதிவிட்டான். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 'இந்த வளைவில் பதினோரு கிணறுகள் எண்ணெய் கக்குகின்றன. பதினொன்றும் என் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. நான் கையை எடுத்தால் அத்தனையும் நின்றுவிடும். ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. நீயே வந்து பார்' என்று எழுதியிருந்தான். தன் கிணற்றில் எண்ணெய் வருகிறது என்று எங்கேயும் எழுதவில்லை. வரவில்லை என்றும் எழுதவில்லை, காகிதத்தில் இடமில்லாமல் போயிருக்கலாம்.

அக்டோபரில் ஆரினிடமிருந்து பதில் வந்தது. வியாழக்கிழமை ரயிலில் டைட்டஸ்வில் வந்து இறங்குகிறேன், உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

ஜெத்ரோவுக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மூப்பர் வீட்டுக்குப் போனான். "மூப்பரே, என் மச்சான் வர்றாரு. உங்க பெரிய வண்டியில போயி கூட்டிட்டு வரணும்."

"அதுக்கென்ன அய்யா, வண்டிக்காரனை அனுப்பறேன்."

"வண்டிக்காரன் இல்ல. நீங்க ஓட்டிட்டுப் போகணும். என் மச்சான் பெட்டியை நீங்க தூக்கணும். அதை அவரு பார்க்கணும்."

மூப்பர் தொப்பியைக் கழற்றினார். "ஆகட்டும் மிங்க்ஸ் அய்யா" என்றார். ஐந்து மாதமாக அவர் அந்தச் சொல்லை விழுங்கிக் கொண்டுதான் இருந்தார். கிணற்றில் எண்ணெய் பொங்குவதும் முன்னைப்போல் இல்லை, பாதியாகக் குறைந்துவிட்டது. எந்நேரமும் காதைக் குழாய்ச் சத்தத்துக்குத் தீட்டி வைத்துக்கொண்டு படுக்கிறவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

ரயிலடிக்குப் போய்வர நான்கு மணி நேரம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட மூப்பர் பன்னிரண்டுக்குத் திரும்பியிருக்கவேண்டும். ஜெத்ரோ கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. லவீனா சுட்ட கோழி ஆறிப்போனது. இரண்டு மணிக்கு ஜெத்ரோவின் முகம் சிவந்துவிட்டது. "வேணும்னே பண்றான் கெழவன். என் மச்சான் முன்னாடி என்னை அவமானப்படுத்தப் பார்க்கறான்."

மூன்று மணிக்கு வண்டி வந்தது. மூப்பர்தான் ஓட்டி வந்தார். பெட்டியையும் அவரேதான் இறக்கினார். ஆனால் முகத்தில் கடுகடுப்பு இல்லை. பல வருடத்துக் கட்டி உடைந்தவர் மாதிரி லேசாக இருந்தார். "வரேன் மிஸ்டர் ஆரின்" என்று சொல்லி, ஆரின் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த பீப்பாயிலிருந்து ஒரு சிவப்பு ஆப்பிளை எடுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். ஜெத்ரோவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கவில்லை.

தொப்பி தூக்கப்படாததை ஜெத்ரோ பார்த்துவிட்டான்.

"மாப்ள!" என்று ஆரின் அவனைக் கட்டிக்கொண்டான். "கடைசியில நீதான்யா ஜெயிச்ச! நான் சிரிச்சதெல்லாம் வாபஸ். வழி முழுக்க அந்த மூப்பர் உன்னைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாரு. உன்னைக் கேக்காம இங்க ஒரு துளி எண்ணெய் வராதாமே?"

ஏழு மாதம் உதைத்த உதையும் ஐந்து மாதம் வாங்கிய மரியாதையும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ஜெத்ரோவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சொன்னா போதுமா மச்சான்? கண்ணால பாரு. வா."

"இரு மாப்ள, நானும் ஒண்ணு சொல்லணும். அதான் அந்த ஆச்சரியம்…"

"அப்புறம் சொல்லு. மொதல்ல இதைப் பாரு." ஜெத்ரோ அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான். சுத்தியலை எடுத்தான். "இப்ப ரெண்டு தட்டு தட்டுவேன். அதோ குந்திக்கிட்டு ஆப்பிள் தின்னுறாரே, ஓடி வருவாரு பாரு."

டங், டங்.

மூப்பர் ஆப்பிளைக் கடித்தார்.

ஜெத்ரோ இன்னும் பலமாகத் தட்டினான். ஓடைக்கரையின் மற்ற பக்கங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வாத்தியார் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். மூப்பர் மட்டும் ஆப்பிளைத் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் கடிக்கலாம் என்று யோசித்தார்.

"காது கேக்கலையா மூப்பரே?" என்று ஜெத்ரோ கத்தினான்.

"நல்லா கேக்குது!" என்று மூப்பர் அங்கிருந்தே சொன்னார்.

ஆரினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. பக்கென்று ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது. அதே சிரிப்பு. முற்றத்தில் சிரித்த அதே சிரிப்பு.

ஜெத்ரோ சுத்தியலை வீசி எறிந்தான். பக்கத்தில் கட்டியிருந்த இரவல் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து கயிற்றைக் குழாயின் தலையில் மாட்டினான்.

"ஏங்க, வேணாங்க!" என்று லவீனா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "வெளயாடாதீங்க!"

"ஒரு முழம் தூக்கிக் காட்டறேன். ஒரே ஒரு முழம். கெழவன் இங்க வந்து மண்டி போடுவான்."

"மாப்ள, விடு மாப்ள. நான் சொல்றதைக் கேளு, அந்தக் கெணறு…"

"நீ சும்மா இரு மச்சான். இது எங்க ஊரு வெவகாரம்."

வாத்தியாரும் மற்றவர்களும் வேலிக்கு வந்துவிட்டார்கள். "அய்யா, அய்யா, நாங்க என்ன பண்ணோம்?" என்று கெஞ்சினார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஜெத்ரோவின் கண்ணில் பட்டது ஒரே ஒரு மனிதரும் ஒரே ஒரு ஆப்பிளும்தான்.

குழாயைத் தூக்கும்போது துளையின் வாயில் இரும்புப் பிடியைப் போட்டு ஒருவர் காவலுக்கு நிற்கவேண்டும். எங்கள் ஊரில் எட்டு வயதுப் பெண்பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஜெத்ரோவுக்கும் தெரியும். பிடி அவன் காலடியிலேயே கிடந்தது. அவனோ குதிரையின் முதுகில் ஓங்கி அடித்தான்.

ஐந்து மாதம் ஊறின விதை பாறையோடு பாறையாகக் கவ்வியிருந்தது. குதிரை திணறியது. இன்னொரு அடி. திடீரென்று பை பிய்ந்தது, குழாய் ஒரு ஆள் உயரத்துக்கு எகிறியது, கயிற்றின் கொக்கி தெறித்தது. பிடிக்க யாரும் இல்லாத குழாய் முழுவதும் துளைக்குள் நழுவிப் பாதாளத்துக்குப் போனது. அடியில் அது மோதி முறுக்கிக்கொண்ட சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் மேலே வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் இறங்கும் சத்தம். அது நிற்கவே இல்லை.

இனி அந்தத் துளையில் எந்தப் பையும் இறங்காது. குழாய் உள்ளே குறுக்கே கிடக்கிறது. எல்லோருக்கும் அது தெரிந்தது. வாத்தியார் வேலிக்கம்பைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

ஜெத்ரோ மூப்பரைப் பார்த்தான். மூப்பர் எழுந்து, ஆப்பிளின் நடுத்தண்டை ஓடையில் வீசிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வேலியருகே வந்தார்.

"போச்சு மூப்பரே" என்றான் ஜெத்ரோ. "உங்க கெணறு போச்சு."

"என் கெணறா?" மூப்பர் தொப்பியை எடுத்து மிக மரியாதையாக ஆரின் பக்கம் நீட்டினார். "மத்தியானம் ஒரு மணியோட அது உங்க மச்சானோட கெணறு ஆயிடுச்சே மிங்க்ஸ் அய்யா. அதை எழுதிட்டு வரத்தான் நேரமாச்சு. நான் ஒண்ணும் அவரை ஏமாத்தல. இந்தக் கெணறு மிங்க்ஸ் அய்யா தயவுல ஓடுதுன்னு வெளிப்படையாச் சொன்னேன்."

ஆரின் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். "அதனாலதான் மாப்ள வாங்குனேன்" என்றான். "மூடி உன் கையில இருக்குது, கெணறு என் கையில இருந்தா யாரு என்ன பண்ண முடியும்னு… உன்னைவிட நம்பிக்கையான ஆளு எனக்கு எங்க கெடைக்கும்?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஓடைக்கரையில் அந்த வருடம் யாரும் போட்ட கணக்குகளில் அதுதான் புத்திசாலித்தனமான கணக்கு. அது மூன்று மணி வரைக்கும் சரியாக இருந்தது.

லவீனாதான் கேட்டாள். "எதைக் குடுத்து வாங்குனண்ணா?"

ஆரின் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜெத்ரோவின் பெருத்த வலதுகாலைப் பார்த்தான்.

"தோட்டத்தை" என்றான். "வீட்டோட."

ஜெத்ரோ ஆரினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த முகம் சிரிக்கவேண்டும் என்று ஏங்கினான். வேடிக்கைக்குச் சொன்னேன் மாப்ள, ஏமாந்தியா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் போதும். எத்தனை வருடம் வேண்டுமானாலும் நின்று கேட்டுக்கொள்வான். ஆரின் சிரிக்கவில்லை. வேலியில் நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மூப்பர் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெரிய வண்டியில் வடக்கே கிளம்பினார். அதற்குள் பதினோரு கிணறுகளும் தண்ணீர் கக்க ஆரம்பித்திருந்தன. ஜெத்ரோ வெளியே வரவில்லை. வந்திருந்தால் வாத்தியாரே அவனைக் கொன்றிருப்பார். லவீனா மட்டும் வாசலில் நின்று, காலியான விதைமூட்டைச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

மூப்பர் வண்டியை நிறுத்தினார். என்ன இருந்தாலும் சபைக்காரர் இல்லையா? "ஊருக்குப் போறேம்மா. அங்க யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

லவீனா சாக்கை மடித்து வைத்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க மூப்பரே. உங்களுக்குத்தான் ஒண்ணு" என்றாள். "பின்கட்டுல மேக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கு பாருங்க, மழை பெஞ்சா அது வழியா தண்ணி உள்ள வரும். சந்துல கொஞ்சம் கந்தலை அடைச்சு வைங்க, நின்னுடும். அப்புறம் அதை யாரும் உருவாம பாத்துக்குங்க."